நியமன இருக்கையும் மானிய நிலமும்: சென்னைச் சட்டசபையில் முத்துலட்சுமி ரெட்டி, 1927–1930

சென்னை மாகாணச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (1886–1968) உறுப்பினராக இருந்தது 1927 தொடக்கத்திலிருந்து 1930 மே வரை. நான்கு ஆண்டுகூட நிறையவில்லை. தேர்தலில் நின்று வென்று வந்தவரல்லர். அரசு நியமித்த உறுப்பினர். கட்சி எதுவும் அவர் பின்னால் நிற்கவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டமன்றங்களில் அமர்ந்த முதல் பெண் என்று பாடநூல்கள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. அடுத்த வரியிலேயே தேவதாசி முறையை ஒழித்தவர் என்கின்றன. முதல் செய்தி சரி. இரண்டாவதில் ஓர் இடைவெளி விழுந்திருக்கிறது. பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் சடங்கான பொட்டுக்கட்டுதலைக் குற்றமாக்கிய சட்டம் நிறைவேறியது 1947இல். அப்போது அவர் அவையை விட்டு வெளியேறிப் பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் உறுப்பினராக இருந்தபோதே இப்பொருளில் நிறைவேறியது கோயில் மானிய நிலம் பற்றிய ஒரு சட்டத்திருத்தம். தடைச்சட்டத்தின் புகழில் இந்த நிலத் திருத்தம் மறைந்துபோயிற்று. அவருடைய சட்டமன்றப் பணியை மதிப்பிட அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

‘முதல் பெண்’ என்ற பட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் 1920களின் முற்பகுதியிலேயே சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். ஆகவே ‘இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர்’ என்று பொதுப்படச் சொல்வதைவிட, ‘பிரிட்டிஷ் இந்தியாவின்’ என்று வரையறுத்துச் சொல்வதே பொருந்தும். அந்தக் காலத்தில் அரசு ஒரு பெண்ணை அவைக்கு அழைக்க நினைத்தபோது இரண்டு இடங்களிலும் மருத்துவரைத் தேடிப் போனது தற்செயலன்று. படித்துப் பட்டம் பெற்று, சம்பளத்துக்கு வேலை பார்த்து, ஆண் அதிகாரிகளோடு அலுவல் முறையில் பேசிப் பழகிய பெண்கள் அன்று பெரும்பாலும் மருத்துவத்துறையில்தான் இருந்தனர்.

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், கோயில் பணியோடும் இசையோடும் தொடர்புடைய, பின்னாளில் இசை வேளாளர் என்று பெயர் பெற்ற மரபைச் சேர்ந்தவர். அந்த மணத்தால் நாராயணசாமி ஐயரைச் சொந்தபந்தம் விலக்கி வைத்தது. பெண்ணுக்கு உரிய காலத்தில் கல்யாணம் ஆக வேண்டும் என்பது தாயின் கவலை. பெண் மேலே படிக்க வேண்டும் என்பது தந்தையின் பிடிவாதம். ஆண்கள் மட்டுமே படித்துவந்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி அளித்ததால்தான் இடம் கிடைத்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். 1912இல் பட்டம் பெற்றார். எழும்பூர் மகளிர் மருத்துவமனையில் பணிபுரிந்தார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசி முடித்துக்கொண்டார்.

சென்னை மாகாணப் பெண்ணியக்கத்தின் தளம் அடையாற்றில் உருவானது. 1917இல் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் முயற்சியில் இந்திய மாதர் சங்கம் அங்கே தோன்றியது. அதே ஆண்டு சென்னைக்கு வந்த இந்தியா மந்திரி மாண்டேகுவைச் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அந்தப் பொறுப்பை மாகாணங்களிடமே தள்ளிவிட்டது. பெண்ணுக்கு வாக்குரிமை தரலாமா என்பதை மாகாணச் சட்டசபைகளே முடிவு செய்துகொள்ளலாம். சென்னைச் சட்டசபை 1921இல் அதை வழங்கியது. இந்திய மாகாணங்களில் இதுவே முதல். வாக்குரிமைக்குச் சொத்துத் தகுதி இருந்ததால் வாக்காளர் பட்டியலில் ஏறிய பெண்களின் எண்ணிக்கை சிறிதே. வாக்களிக்கலாம், ஆனால் வேட்பாளராக நிற்கக் கூடாது என்ற நிலை மேலும் ஐந்து ஆண்டு நீடித்து 1926இல்தான் நீங்கியது. அந்த ஆண்டுத் தேர்தலில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாயா சொற்ப வாக்குகளில் தோற்றார். தேர்தல் வழியாக ஒரு பெண்ணும் அவைக்கு வரவில்லை. மிஞ்சியது நியமனம் ஒன்றே. மாதர் சங்கம் அரசிடம் பெயர்களைப் பரிந்துரைத்தது. ஆளுநர் கோஷன் முத்துலட்சுமியை நியமித்தார். அப்போதுதான் அவர் அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து சென்று மகளிர், குழந்தை நோய்த்துறையில் மேற்பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். மருத்துவத் தொழில் கெட்டுவிடுமே என்று முதலில் தயங்கினார்.

இந்த நியமனத்தை அன்றைய அவைக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சில துறைகளை அமைச்சர்களிடமும் மற்றவற்றை ஆளுநரிடமும் வைத்த இரட்டையாட்சி முறையில் அமைந்த அந்தச் சபையில், ஆளுநரின் நிர்வாகக் குழுவினர் நீங்கலாக 127 உறுப்பினர்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 98 பேர், மற்றவர்கள் நியமனம். 1926 தேர்தலில் சுயராஜ்யக் கட்சி அதிக இடங்களைப் பிடித்தும் ஆட்சியமைக்க மறுத்தது. நீதிக்கட்சி தோற்றிருந்தது. ஆளுநரின் ஆதரவோடு ப. சுப்பராயன் சுயேச்சை அமைச்சரவை அமைத்தார். அவர் பிழைத்திருக்க நியமன உறுப்பினர்களின் வாக்கு அவருக்கு வேண்டியிருந்தது. ஆக, முத்துலட்சுமி அமர்ந்த இருக்கை அரசின் தயவில் வந்தது. அதே சமயம் அரசுக்குத் தேவைப்பட்டதாகவும் இருந்தது. 1927 ஜனவரியில் அவை அவரை ஒருமனதாகத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தது. சுயராஜ்யக் கட்சி, நீதிக்கட்சி, சுயேச்சைகள் என மூன்றாகப் பிளந்து கிடந்த சபையில் யாரும் பகைக்காத, எந்தத் தரப்புக்கும் சொந்தமுமல்லாத ஒருவருக்கு அந்த நாற்காலி எளிதில் பொருந்தியது. சபை தாராள மனம் கொண்டதாக இருந்ததால் இது நடந்தது என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். கட்சி இல்லாமை அவருக்குப் பலவீனமாக இருந்ததைப்போலவே அந்த மூன்றாண்டுகளில் ஒரு வசதியாகவும் இருந்தது.

அவர் அவையில் எழுப்பிய விஷயங்களின் பட்டியல் ஒரு பிள்ளைப்பேற்று மருத்துவரின் அன்றாடத்திலிருந்து வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்கல்விக்குக் கட்டணச் சலுகை, முஸ்லிம் மாணவிகளுக்கு விடுதி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி, பால்ய விவாகம். திருமண வயதைப் பெண்ணுக்குப் பதினாறாகவும் ஆணுக்கு இருபத்தொன்றாகவும் உயர்த்தக் கோரி அவர் 1928இல் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. மறு ஆண்டு மத்தியச் சட்டசபை நிறைவேற்றிய பால்ய விவாகத் தடைச் சட்டமான சாரதா சட்டம் பதினான்கு, பதினெட்டு என்பதோடு நின்றுவிட்டது. பதின்மூன்று வயதுப் பெண்ணின் பிரசவத்தைக் கையால் எடுத்தவர் பேசுவதற்கும் சாஸ்திரத்தை வைத்துப் பேசுவதற்கும் உள்ள வேறுபாடு அவையில் தெரிந்தது. இத்தனையிலும் அவருடைய பெயரோடு நிலைத்தது கோயில் பெண்கள் பற்றிய வேலைதான்.

அந்த வேலையை விளங்கிக்கொள்ள முறை எப்படி இயங்கியது என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒரு கோயிலில் பணிபுரியும் தாசிக் குடும்பத்துக்கு அந்தப் பணியில் ஒரு ‘முறை’ உண்டு: மாதத்தில் இன்ன நாள், திருவிழாவில் இன்ன மண்டகப்படி, கும்ப ஆரத்தி எடுக்கும் உரிமை, சுவாமி புறப்பாட்டில் முன்னே ஆடிச் செல்லும் உரிமை என்று. முறைக்கு ஈடாக மானியம். சில இடங்களில் அது நிலமாகவே இருக்கும். சில இடங்களில் நிலத்தின் மேல்வாரம், அதாவது விளைச்சலில் வரியாகச் சேர வேண்டிய பங்கு மட்டும். சில இடங்களில் தினப்படிக் கட்டளைச் சோறு. மானியம் அந்தப் பெண்ணின் பெயரில் இருந்தாலும் அவளுக்குச் சொந்தமன்று. ஊழியம் நின்றால் நிலமும் கோயிலுக்குத் திரும்பிவிடும். அவளுக்குப் பின் முறை தொடர வேண்டுமானால் அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்குச் சுவாமி முன்னிலையில் பொட்டுக் கட்டியாக வேண்டும். சொந்தப் பெண் இல்லாவிட்டால் ஒரு பெண் குழந்தையைச் சுவீகாரம் எடுப்பார்கள். இந்தச் சுவீகாரத்தையும் பெண்வழி வாரிசுரிமையையும் நீதிமன்றங்கள் வழக்காறாக ஏற்றிருந்தன. பொட்டு என்பது மஞ்சள் கயிற்றில் கோத்த ஒரு சிறு தங்கத் தாலி. அது ஒரு குழந்தையின் கழுத்தில் ஏறும்போது வீட்டில் பாட்டி, தாய், மாமன், தம்பி எல்லோரின் சோறும் அந்தக் கயிற்றில்தான் தொங்கியது. கட்ட வேண்டாம் என்று ஒரு தாய் முடிவெடுத்தால், நிலத்தைக் கைவிட வேண்டாமா என்ற கேள்வி அன்றிரவே வீட்டுக்குள் வந்து நிற்கும்.

குற்றவியல் சட்டம் இந்த முடிச்சைத் தொடவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகள் சிறுமியரை விபசாரத்துக்காக விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கின. 1924இல் அதற்கான வயது வரம்பு பதினெட்டாக உயர்த்தப்பட்டது. ஆனால் பொட்டுக் கட்டியது விபசாரத்துக்காகவே என்று மெய்ப்பிக்க வேண்டும். சடங்கு கோயிலில் நடந்தது, தெய்வத் தொண்டு என்று சொல்லிவிட்டால் வழக்கு நிற்பது கடினம். குடும்பமே செய்யும் காரியத்தில் சாட்சி சொல்ல யார் முன்வருவார்?

1927 நவம்பரில் முத்துலட்சுமி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இந்துக் கோயில்களுக்குப் பெண்களை அர்ப்பணிக்கும் வழக்கத்தை நிறுத்த அரசு சட்டம் கொண்டுவர வேண்டும் என்பது அதன் சாரம். அவை ஏற்றுக்கொண்டது. தீர்மானம் என்பது பரிந்துரைதான். அரசு அதன்மேல் உடனே எழுந்து நடக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. சமயத்தில் தலையிடுவதில்லை என்பது 1858க்குப் பிந்தைய பிரிட்டிஷ் ஆட்சியின் கைவசமிருந்த பதில். அந்தப் பதிலுக்கு வெளியே ஒரு வழியைக் கண்டதில்தான் முத்துலட்சுமியின் சட்டமன்றத் திறமை தெரிகிறது. சடங்கை விட்டுவிட்டு நிலத்தைப் பிடித்தார்.

அதற்கு இரண்டு வசதிகள் முன்பே அமைந்திருந்தன. ஒன்று, பனகல் அரசர் காலத்து நீதிக்கட்சி அரசு கொண்டுவந்த இந்து சமய அறநிலையச் சட்டம். அது கோயில் சொத்து நிர்வாகத்தை அரசின் மேற்பார்வைக்குள் ஏற்கெனவே கொண்டுவந்துவிட்டது. சட்டசபை கோயில் நிலத்தைப் பற்றிச் சட்டம் செய்யலாமா என்ற பெரிய சண்டை முடிந்திருந்தது; இனி அதில் ஒரு பிரிவு சேர்ப்பது புதிய தலையீடாகாது. இரண்டாவது, ‘இனாம் விடுவிப்பு’ என்ற வருவாய்த்துறை வழக்கம். 1858இல் அமைந்த இனாம் கமிஷன் காலம் தொட்டு, ஊழிய நிபந்தனையில் இருந்த மானியங்களை அந்த நிபந்தனையிலிருந்து விடுவித்து, ஒரு குறைந்த வரி விதித்து, அனுபவித்து வந்தவருக்கே சொந்தமாக்குவது சென்னை மாகாணத்தில் நன்கு பழகிய முறை. கிராம ஊழியர்களின் மானியங்கள் பல அப்படித்தான் மாறின. கோயில் ஊழிய மானியங்கள் மட்டும் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றன. முத்துலட்சுமியின் மசோதா அந்தப் பழைய கருவியைத் தாசி மானியத்தின் மேல் வைத்தது. கலெக்டர் அலுவலகத்துக்குத் தெரிந்த மொழி, கணக்கருக்குத் தெரிந்த நடைமுறை. அவர் கேட்டது புரட்சியாகத் தோன்றவே இல்லை.

1929இல் இது சட்டமாயிற்று. அறநிலையச் சட்டத்தில் சேர்ந்த திருத்தம், தேவதாசிகள் வைத்திருந்த மானியங்களைக் கோயில் ஊழிய நிபந்தனையிலிருந்து விடுவித்தது. மகளுக்குப் பொட்டுக் கட்டாவிட்டாலும் நிலம் போகாது. யாரையும் தண்டிக்கவில்லை, எந்தச் சடங்கையும் தடை செய்யவில்லை. சடங்குக்கும் சோற்றுக்கும் இடையே இருந்த கயிற்றை மட்டும் அறுத்தது. நியமன உறுப்பினர் ஒருவர் தனி மசோதாவாகக் கொண்டுவந்து, அரசு எதிர்க்காமல், வைதிகர்கள் ‘மதத்துக்கு ஆபத்து’ என்று முழுமூச்சாகக் கிளம்புவதற்கும் இடம் கொடுக்காமல் நிறைவேற்றிய சட்டம் என்ற வகையில், அந்தச் சபையின் பதிவேட்டில் இதற்கு ஒரு தனி இடம் உண்டு.

இதன் குறைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிலம் உள்ள குடும்பங்களுக்கு மட்டுமே இது பொருந்தும். 1920களில் தாசிக் குடும்பங்களில் பலவற்றுக்கு மானியம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. ஜமீன்தார், மிராசுதார், நகரத்துப் பணக்காரர் வீடுகளில் நடந்த சதிர் என்னும் நடனக் கச்சேரிகளும் அவர்களின் ஆதரவுமே பிழைப்பு. தவேஷ் சோனேஜி 2012இல் வெளியிட்ட நூலில் கோயிலைவிடக் கூடங்களும் கச்சேரிகளும்தான் இவர்கள் வாழ்வின் பெரும்பகுதி என்று காட்டியிருக்கிறார். அப்படிப்பட்ட வீட்டில் 1929 திருத்தம் எதையும் மாற்றவில்லை. இன்னொரு பக்கம், நிலம் உள்ள குடும்பங்களில் சொத்து ஊழியத்திலிருந்து விடுபட்டபோது பெண்வழி உரிமையிலிருந்தும் நழுவத் தொடங்கியது. பொட்டுக் கட்டிய பெண்ணே குடும்பத் தலைவி என்ற ஏற்பாடு, பொட்டு இல்லாதபோது நிற்க முடியாது. அம்ரித் ஸ்ரீநிவாசன் 1985இல் எழுதிய கட்டுரை, சீர்திருத்தத்தால் அந்தச் சமூகத்தின் ஆண்கள் அடைந்த ஆதாயத்தைச் சுட்டிக்காட்டியது. நட்டுவனாரும் மேளக்காரரும் ‘இசை வேளாளர்’ என்று புதிய மரியாதையோடு எழுந்தபோது, அந்த மரியாதைக்கு வீட்டில் இனிமேல் தாசி இல்லை என்பதே நிபந்தனையாயிற்று.

எதிர்ப்பு இரண்டு திசைகளிலிருந்து வந்தது. ஒன்று அவைக்குள்ளே, காங்கிரசின் சத்தியமூர்த்தி போன்றவர்களிடமிருந்து. கலையும் சமயமரபும் அழியும் என்பது அவர்கள் வாதம். முத்துலட்சுமி அதற்கு ஒரே வரியில் சூடான பதில் கொடுத்து எதிரியை வாயடைத்தார் என்ற கதை இன்றுவரை மேடைக்கு மேடை உருவம் மாறிப் பேசப்படுகிறது. ஆய்வுக்கு அது உதவாது. கேட்கக் கிளர்ச்சியூட்டும் கதைதான், ஆனால் ஒரு சட்டத்தைப் பிரிவு பிரிவாக எழுதி, ஆதரவு திரட்டி, வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்த உழைப்பை அது ஒரு வாய்ச்சவடாலாகச் சுருக்கிவிடுகிறது.

இரண்டாவது எதிர்ப்பு அதிகம் யோசிக்க வைப்பது. 1927 தீர்மானத்தை அடுத்துச் சென்னை மாகாணத் தேவதாசிகள் சங்கமாகத் திரண்டு அரசுக்கு மனுக் கொடுத்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் முதன்மையானவர். தங்கள் மரபை விபசாரத்தோடு ஒன்றாக வைத்து எண்ணுவது அநியாயம், தங்களுக்குத் தேவை கல்வி, தங்களைக் கேட்காமல் தங்களைப் பற்றிச் சட்டம் செய்யக் கூடாது என்பது அவர்கள் நிலை. 1910இல் முத்துப்பழனியின் ‘ராதிகா சாந்த்வனம்’ என்னும் தெலுங்குக் காவியத்தைப் பதிப்பித்து அரசின் தடைக்கு ஆளானவர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தம் சொந்தப் பணத்தில் கோயில் எழுப்பியவரும் அவரே. சட்டசபையில் இந்தப் பெண்களைப் பாவப்பட்ட, நோய்வாய்ப்பட்ட, ஏமாற்றப்பட்ட சிறுமியராகச் சித்திரித்த பேச்சுகளுக்குள் நாகரத்தினம்மாளுக்கு இடமே கிடையாது. முத்துலட்சுமியின் பார்வை மருத்துவரின் பார்வை: பால்வினை நோய், அதனால் பிறக்கும் குழந்தைகளுக்கு வரும் கேடு, சமூக சுகாதாரம். அந்தப் பார்வை சிறுமியரின் துன்பத்தைத் துல்லியமாகக் கண்டது. வளர்ந்த பெண் ஒருத்தி தன் மரபைத் தானே வாதிட்டுக் காக்க வரும்போது அவளிடம் என்ன பேசுவது என்பதற்கு அதனிடம் விடை இல்லை. ச. ஆனந்தி 1991இல் எழுதிய கட்டுரை முதல் இந்தக் குறை ஆய்வுலகில் பலமுறை எடுத்துரைக்கப்பட்டிருக்கிறது. மறுக்க முடியாத குறை.

ஆனால் அந்த விமரிசனம் ஒன்றைப் பார்க்கத் தவறுகிறது. மரபைக் காத்து நின்றவர்கள் மட்டுமே அந்தச் சமூகத்தின் குரல் அல்லர். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அதே முறைக்குள் வளர்ந்து, அதிலிருந்து வெளியேறி, தஞ்சை மாவட்டத்து ஊர்களில் அதற்கு எதிராகப் பேசி, 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலையும் எழுதினார். பெரியாரின் சுயமரியாதை இயக்கம் முத்துலட்சுமியின் முயற்சிக்குத் துணை நின்றது. பொட்டுக் கட்ட மறுக்க நினைத்த பெண்களும் இருந்தார்கள். மனுக் கொடுக்கச் சங்கமும் சென்னைக்கு வரச் செலவுப் பணமும் இல்லாத அவர்களுக்கு 1929 திருத்தம் கைக்கெட்டும் ஒரு பிடிமானம். நிலத்தை வைத்துக்கொண்டே மறுக்கலாம் என்ற நிலை, மறுப்பவரையும் காத்தது. பொட்டுக் கட்டிக்கொண்டு வாழ்ந்தவரையும் சிறைக்கு அனுப்பவில்லை. தடைச்சட்டத்தோடு ஒப்பிடும்போது இந்தத் திருத்தமே அந்தப் பெண்களைக் குறைவாகக் காயப்படுத்தியது.

முத்துலட்சுமி அதோடு நிற்கவில்லை என்பதும் உண்மை. விபசார விடுதிகளையும் பெண் வாணிபத்தையும் தடுக்கும் சட்டத்துக்காக அவையில் வாதாடினார். அது 1930இல் நிறைவேறியது. அதே ஆண்டுத் தொடக்கத்தில் பொட்டுக்கட்டுதலையே நேரடியாகத் தடை செய்யும் மசோதாவை முன்வைத்தார். பொதுமக்கள் கருத்தறிய அது சுற்றுக்கு விடப்பட்டது. இதற்கிடையே உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கி, மே மாதம் காந்தி கைதானார். முத்துலட்சுமி உறுப்பினர் பதவியையும் துணைத்தலைவர் பதவியையும் விட்டு விலகினார்.

இந்த விலகல் எளிதாக விளங்குவதன்று. அரசியல் சீர்திருத்தத்தை ஆராய வந்த சைமன் கமிஷனை 1928இல் காங்கிரஸ் புறக்கணித்தபோது, அதன் துணைக்குழுவாகக் கல்வியை ஆராய்ந்த ஹார்டாக் குழுவில் உறுப்பினராகச் சேர்ந்து நாடெங்கும் பெண் பள்ளிகளைப் பார்வையிட்டவர் அவர். தேசியவாதிகள் அதற்காக அவரைக் குறைகூறினார்கள். பெண்கல்விக்கு ஏதாவது கிடைக்குமானால் அரசோடு உட்கார்ந்து பேசுவதில் அவருக்குத் தயக்கமில்லை. அப்படிப்பட்டவர், கையிலிருந்த மசோதா பாதியில் நிற்கும்போது, அரசை எதிர்த்து இருக்கையைத் துறக்கிறார். அவர் போனதும் மசோதாவை எடுத்து நடத்த அவையில் ஆளில்லை, அது காலாவதியாயிற்று. நியமன இருக்கை அரசின் கொடை. அரசோடு முரண்பட்டு அதில் தொடர்வது அவருக்கு இயலவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவராயிருந்தால் தொகுதியைக் காரணம் காட்டித் தங்கியிருக்கலாம். அவருக்குத் தொகுதியே கிடையாது. நியமனம் திறந்துவிட்ட கதவுக்கு அந்த முறையே விதித்த விலை இது. அதே ஆண்டு தம் அவை அனுபவங்களை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார்.

பெண்கள் அவைக்கு எந்த வழியில் வர வேண்டும் என்ற கேள்வியில் பின்னாளில் அவர் எடுத்த நிலைப்பாடு குறிப்பிடத்தக்கது. 1933இல் லண்டனில், புதிய அரசியலமைப்பை ஆராய்ந்த பாராளுமன்றக் கூட்டுக்குழு முன் அகில இந்திய மகளிர் அமைப்புகள் சார்பில் அம்ரித் கௌர், ஷரீஃபா ஹமீத் அலி ஆகியோரோடு சாட்சியம் அளித்தார். அந்த அமைப்புகள் கேட்டது வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை. சமயவாரி இடஒதுக்கீடு வேண்டாம் என்றும் கூறின. பிரிட்டிஷ் இந்தியாவில் நியமனத்தால் அவைக்கு வந்த முதல் பெண்மணி, சலுகை வேண்டாம், சம உரிமை வேண்டும் என்ற கோரிக்கையின் தூதராக நின்றார். 1935ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கோரிக்கையை ஏற்காமல், பெண்களுக்குச் சமயவாரித் தனி இடங்களையே கொடுத்தது.

அவையை விட்ட பிறகு நடந்த ஒரு சம்பவம் அவருடைய அடுத்த பணியைத் தொடங்கி வைத்தது. தாசிக் குடும்பங்களிலிருந்து வெளியேறிய மூன்று சிறுமியர் அடைக்கலம் கேட்டு அவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். விடுதிகளில் இடம் கேட்டுப் பார்த்தார். பிறப்பைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுத்தன. தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்து, 1936இல் அடையாற்றில் சொந்த இடத்துக்குப் போனது. பொட்டுக் கட்ட மறுத்துவிட்டு வெளியேறும் பெண் எங்கே போவாள், எங்கே படிப்பாள் என்று சட்டத்தில் எழுதப்படாமல் விட்ட பிரிவை அந்த இல்லம் நிரப்பியது.

1932 இறுதியில் நடந்த நாட்டிய விவாதத்தில் அவர் அவ்வளவு தெளிவாக இல்லை. மாகாண முதலமைச்சர் பொப்பிலி அரசருக்கு அளித்த வரவேற்பில் சதிர் ஆடியதைக் கண்டித்து அவர் பத்திரிகைக்கு எழுத, வழக்கறிஞரும் நடனக் கலைஞருமான இ. கிருஷ்ண ஐயர் கலையைக் காக்க வேண்டும் என்று மறுத்து எழுதினார். ஆட்டத்தையும் ஆடுபவரின் வாழ்க்கை முறையையும் முத்துலட்சுமி பிரித்துப் பார்க்க மறுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் சதிர் பரதநாட்டியமாகி, மியூசிக் அகாதெமி மேடையேறி, 1935இல் ருக்மிணி தேவியும் ஆடியபோது, முத்துலட்சுமி, கிருஷ்ண ஐயர் இருவருமே ஒரு வகையில் தோற்றனர். கலை பிழைத்தது, அதை வளர்த்த குடும்பங்களின் பெண்கள் மேடையிலிருந்து இறங்கினார்கள்.

மாகாணத்தில் பொட்டுக்கட்டுதலுக்கு எதிரான சட்டம் மீண்டும் 1937க்குப் பின் காங்கிரஸ் அமைச்சரவைக் காலத்தில் பேசப்பட்டு, 1939இல் அமைச்சரவை விலகியதோடு நின்றது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1947இல்தான் நிறைவேறியது. பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிப்பது செல்லாது, குற்றம் என்று அது வகுத்தது. அர்ப்பணிக்கப்பட்ட பெண்ணின் திருமணம் செல்லும் என்றது. கோயிலிலும் சுவாமி ஊர்வலத்திலும் அவர்கள் ஆடுவதையும், கும்ப ஆரத்தி எடுப்பதையும் தடை செய்தது. 1929 திருத்தம் தொடாமல் விட்ட சடங்கைத் தொட்டது இந்தச் சட்டமே. அப்போது முத்துலட்சுமி பதவி எதிலும் இல்லை, வெளியிலிருந்து வற்புறுத்தியவர்.

கடைசி இருபது ஆண்டுகள் பெரும்பாலும் புற்றுநோய் மருத்துவத்துக்குப் போயின. 1923இல் தங்கை புற்றுநோயால் இறந்ததைக் கண்முன்னே பார்த்தவர் அவர். சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவின்போது 1935இல் தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்தை வெளியிட்டார். நிதி திரட்டிக் கட்டட வேலை தொடங்கவே பதினேழு ஆண்டு பிடித்தது. 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூனில் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற முத்துலட்சுமி 1968 ஜூலை 22 அன்று மறைந்தார். தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்குப் பின்னர் அவர் பெயர் சூட்டப்பட்டது. அதன் தொகை தவணை தவணையாகக் கர்ப்பிணியின் பெயரிலேயே போகிறது.